சுருளிவேல் வைக்காத கடை

கம்பத்தில் ஒரு புத்தகக் கடை வரப்போகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் சுருளிவேல். வைக்கப்போகிறவரும் அவரேதான். எப்போது என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அவருக்குத் தொழில் லாட்டரிச் சீட்டு. பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்தில் தகரப் பெட்டிக்கடை. அப்பா திராட்சைத் தோட்டங்களில் பந்தல் கட்டியவர். பையன் பத்தாவதோடு நின்று திராட்சைப் பெட்டி அடிக்கப் போனான். பெட்டிக்குள் விரிக்கிற பழைய காகிதத்தில் ஒருநாள் பாதிக் கதை ஒன்று அகப்பட்டது. மீதிக் கதையைத் தேடிக்கொண்டு கிளை நூலகத்துக்குள் போனவன் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சீட்டு விற்கிற நேரத்திலும் ஒரு கையில் புத்தகம் இருக்கும். மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துத் திட்டு வாங்குவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்துப் பெட்டிக்கடை உசேனுடையது. அவரும் லாட்டரிதான். சுருளிவேலைவிட நாலைந்து வயது இளையவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் நம்பரைச் சொன்னால் போதும், போன மாதம் எந்தச் சீட்டுக்கு எந்த ஊரில் விழுந்தது என்பது வரைக்கும் சொல்வார். மத்தியானம் யாவாரம் ஓய்ந்திருக்கும்போது சுருளிவேல் தன் கடையை அவரிடம் கட்டுவார். வாயால்தான்.

"பேரு 'நிழல் புத்தகக் கடை'. வேப்பமரத்துக்கு அடில. உள்ள நொழஞ்சதும் கண்ணுக்கு நேரா கதப் புத்தகம். அட்டைய காட்டி நிக்கணும், முதுகக் காட்டி இல்ல. வாசல்ல ஒரு பெஞ்சு. வாங்குனாலும் வாங்காட்டியும் உக்காந்து படிக்கலாம். யாரும் எந்திரின்னு சொல்லக்கூடாது."

உசேன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பார். "பெஞ்சுக்கு முதுகு உண்டாண்ணே, இல்ல வெறும் பலகையா?"

"முதுகு வேணும்யா. கதை படிக்கிறவன் சாயாம எப்பிடி இருப்பான்?"

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் தைப் பொங்கலுக்கு முன்னால் அரசாங்கம் லாட்டரியை நிறுத்தியது. ஒரே நாளில் இரண்டு பெட்டிக்கடையும் காலி. கேரள எல்லையைத் தாண்டிக் குமுளியில் போய் விற்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். சுருளிவேலின் மனைவி மொக்கம்மாள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவள். அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தாள்.

"இப்பயாச்சும் அந்தக் கடைய வச்சுருங்க. பெட்டிக்கடைதான் சும்மா கெடக்குதுல்ல."

சுருளிவேல் ஒரு வாரம் யோசித்தார். யோசனை முழுக்க ஒரே திசையில் போயிற்று. அந்த முடிவை உசேனிடமும் சொன்னார்.

"கைடும் நோட்ஸும் தவிர இந்த ஊர்ல ஒரு காகிதம் விக்காதுய்யா. பாதி ஊரு விடியமுன்ன மலைக்குப் போயிருது. திரும்பி வந்தா டி.வி. சீரியலு. மிச்சப்பேரு தோட்டத்துக்கு மருந்தடிக்கவும் தண்ணி பாய்ச்சவுமே பொழுது பத்தல. ரெண்டு மூணு பேரு படிக்கிறவன் இருந்தான்னா அவனும் மதுரைக்கு பஸ் ஏறிருவான். இங்கன புத்தகக் கடை வச்சா ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"அப்ப நீங்க வைக்கலேல்ல?"

"எவன் வைப்பான்?"

"நான் வச்சுக்கிரட்டாண்ணே?"

சுருளிவேல் சிரித்தார். "வையி வையி, தாராளமா வையி" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தார் பாவம். அன்றைக்கு ஒரு வார்த்தை, வேண்டாம்ப்பா, அது என் கடை என்று சொல்லியிருந்தால் உசேன் கையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான் உசேன். சொல்லவில்லை. அந்த ஒரு சிரிப்பைச் சுருளிவேல் அப்புறம் எத்தனை நாள் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தார் என்பதற்குக் கணக்கில்லை.

சுருளிவேல் தன் பெட்டிக்கடையில் எஸ்.டி.டி. பூத் வைத்தார். கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி, பில் அடிக்கிற மிஷின், எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. பக்கத்து உசேன் கடையில் தச்சர் வந்து பலகை அறுத்தார். பெயிண்டர் வந்து போர்டு எழுதினார். எழுதி முடிக்கும்வரை சுருளிவேல் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. பிறகு டீ குடிக்கப் போகிறவர்போல எழுந்து போய்ப் பார்த்தார். 'நிழல் புத்தகக் கடை.' உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு நேராகக் கதைப் புத்தகங்கள், அட்டையைக் காட்டிக்கொண்டு. வேப்பமரத்துக்கு அடியில் பெஞ்சு. பெஞ்சுக்கு முதுகு.

டீ குடிக்காமலே திரும்பி வந்தார்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் சோறு தண்ணி இல்லாமல் மனசுக்குள் கட்டிய கடையை, ஒரு புத்தகம் முழுதாகப் படிக்காதவன் பலகையும் ஆணியும் வைத்துக் கட்டிவிட்டான். அதைவிடப் பெரிய எரிச்சல், வருகிற போகிறவர்களிடம் எல்லாம் உசேன், "இது சுருளிவேலண்ணன் சொல்லிக் குடுத்த கடை" என்று சொல்வதுதான். திருடன் திருடனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டலாம். இவனை என்ன செய்வது? "ஒருநாளாச்சும் பெஞ்சுல வந்து உக்காருங்கண்ணே" என்று வேறு கூப்பிடுவார். சுருளிவேலுக்கு எப்போதும் ஏதாவது ஒரு போன் வர இருக்கும்.

ஆறு மாதத்தில் கடையைச் சாத்திவிடுவான் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தார். முதல் மாதம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. உசேன் நிஜமாகவே ஈ ஓட்டினார். சுருளிவேலுக்கு அந்த மாதம் சாப்பாடு நன்றாக இறங்கிற்று.

அப்புறம் உசேன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தார். லாட்டரிக் கடையில் இருந்த கயிற்றைத் திரும்பக் கட்டி, சின்னச் சின்னப் புத்தகங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். சீட்டை விரிக்கிற மாதிரி கையில் புத்தகங்களை விசிறியாக விரித்துக்கொண்டு விடியற்காலை ஜீப்புகளுக்கு நடுவில் போய் நின்றார். கண்ணை மூடி ஒன்றை எடு என்றார். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கவில்லை. கண்ணை மூடி எடுத்தார்கள். எடுத்தால் திருப்பி வைக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குப் பழகின சட்டம்.

அது பரவாயில்லை. ஒருநாள் உசேன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடித்த நாவலைப் பத்துப் பாகமாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த சுருளிவேலுக்குத் தன் தோலை உரிக்கிற மாதிரி இருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

"ஏய்யா, புத்தகத்தக் கிழிக்கிறியே, கை கூசல ஒனக்கு?"

உசேன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கட்டுல இருந்து சீட்டக் கிழிச்சாத்தானண்ணே யாவாரம். முழுக் கட்டையும் ஒரே ஆளு எடுப்பானா? மலைக்குப் போற பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீக்காசுதான் முடியும். ஒரு டீக்காசுக்கு ஒரு பாகம்."

"அது சீட்டு. இது புத்தகம்."

"நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாமத்தான ரெண்டையும் வாங்குறாக."

சுருளிவேல் தலையை உதறிக்கொண்டு பூத்துக்குத் திரும்பிவிட்டார். தான் படிக்கத் தொடங்கியதே ஒரு கிழிந்த காகிதத்தில்தான் என்பது அந்த நேரம் அவருக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

ஜீப்பை ஆள் நிறையாமல் எடுக்க மாட்டார்கள். பெண்கள் முன்னாலேயே வந்து ஏறி உட்கார்ந்து காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி பாகத்தை விரித்து வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். மலையடிவாரம் வரைக்கும் வாசிப்பு. வளைவு ஆரம்பித்துவிட்டால் தலை சுற்றும், மூடிவிடுவார்கள். மொக்கம்மாளின் ஜீப்பில் வாசிக்கிறவள் விஜி. பிளஸ் டூ முடித்துவிட்டு மலைக்கு வருகிற பெண்.

ஒருநாள் சாயங்காலம் மொக்கம்மாள் தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டே தானாகச் சிரித்தாள். என்னவென்று கேட்டதற்கு, "அந்தத் தாசில்தாரு மறுபடியும் பொண்ணு பாக்கப் போயிருக்கானுங்க" என்றாள்.

"எந்தத் தாசில்தாரு?"

"கதைல. நாலாம் பாகத்துல."

சுருளிவேலுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை. அது அவர் மூன்று முறை படித்த நாவல். கல்யாணமான புதிதில் அவள் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதுல என்னங்க போட்டிருக்கு என்று கேட்டாள். "ஒனக்குப் புரியாது, போ" என்று சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. இப்போது அதே கதை உசேன் கையால் கிழிபட்டு, விஜி வாய் வழியாக அவள் காதுக்குப் போய், அவர் வீட்டு அடுப்படியிலேயே வந்து சிரிக்கிறது. கடை போயிற்று, பெயர் போயிற்று, பெஞ்சு போயிற்று. வீடாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் உசேன் வந்தார். மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போகிறார்.

"அண்ணே, அட்டையப் பாத்துத்தான் எடுக்கிறேன். நல்லது கெட்டது தெரியல. அடுத்து ஜீப்புக்குப் போடுறதுக்கு நீங்க ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொன்னா ஒரு கட்டு எடுத்துட்டு வந்துர்றேன்."

திருப்பித் தர முடியாத சரக்கு அது. ஒரு கட்டு விற்காமல் நின்றால் அந்தச் சின்னக் கடை எழுந்திருக்காது. இது இரண்டு பேருக்குமே தெரியும். சுருளிவேல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி யோசிக்கிறவர்போல மோட்டுவளையைப் பார்த்தார். யோசிக்க ஒன்றுமில்லை. கேட்ட உடனேயே அவருக்கு ஒரு புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது. அறுநூறு பக்கம். ஒரு துறைமுகத்தில் ஒரு கப்பல் புறப்படக் காத்து நிற்கிறது. மாலுமிக்கு இருமல், காற்று சரியில்லை, ஒரு பயணி மறந்துவிட்ட குடையை எடுக்க வீட்டுக்குப் போய்விட்டான், அவனுக்காக இன்னும் ஒரு நாள். நாற்பதாவது பக்கத்தில் சுருளிவேல் கொட்டாவி விட்டு மூடிய புத்தகம் அது. படித்து முடிக்காமல் அவர் விட்டது அந்த ஒன்றுதான்.

"அருமையான புத்தகம்யா" என்று பெயரைச் சொன்னார். "கண்ண மூடிக்கிட்டு எடு."

உசேன் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார். சுருளிவேலுக்கு அப்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஒரு டீ குடித்தார். உறுத்தல் போய்விட்டது.

கட்டு வந்து இறங்கிற்று. உசேன் கிழித்தார், தைத்தார், ஜீப்புகளுக்கு நடுவில் போய் விரித்தார். சுருளிவேல் அன்று பூத்தைச் சீக்கிரமே திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். முதல் பாகத்தை வாங்கினார்கள். வாங்குவார்கள், அண்ணன் சொன்ன புத்தகம் என்று உசேன் கூவுகிறாரே. இரண்டாம் பாகத்துக்குத்தான் இருக்கிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் இரண்டாம் பாகத்தை உசேன் விரிக்கக்கூட இல்லை. ஜீப்புகளில் இருந்து கைகள் நீண்டன.

சாயங்காலம் மொக்கம்மாள் வந்ததும் வராததுமாகச் சுருளிவேலே கேட்டார். "அந்தக் கப்பல் புத்தகம் எப்பிடி இருக்கு? இழுவைதான?"

"இழுவைதாங்க" என்றாள் அவள். சுருளிவேலின் முகம் மலரத் தொடங்கிற்று. "அதான் சிரிப்பு. கப்பல் ரெடியா நிக்கிது, எடுக்க மாட்டேங்கிறான். இந்தா கெளம்பிருச்சுங்கிறான், ஒருத்தன் கொடைய விட்டுட்டேன்னு எறங்கி ஓடுறான். நம்ம டிரைவரு ஒச்சாண்டி இருக்காகல்ல, இந்தா எடுத்துட்டேன்னு சொல்லிட்டு பீடி வாங்கப் போயிருவாக. பிச்சையம்மா எப்பயும் சோத்துச் சட்டிய மறந்துட்டு எறங்கி ஓடுவா. விஜி வாசிக்க வாசிக்க எல்லாரும் பிச்சையம்மாவப் பாத்துச் சிரிக்கிறோம். அவளும் சிரிக்கிறா. எழுதுன ஆளு நம்ம ஜீப்புல வந்திருப்பாருபோல."

சுருளிவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கப்பல் புத்தகம் ஜீப் ஜீப்பாக ஓடிற்று. நாலாம் பாகத்தைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஜீப்பில் போய்க் கடன் கேட்டார்கள். ஒச்சாண்டிக்குக் கப்பல்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது, ஆளுக்கொரு செல்போன் வந்துகொண்டிருந்த காலம். வருகிறவர்களும் போன் பேசிவிட்டு, "நல்ல புத்தகமா எடுத்துக் குடுத்தீகண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கெடுக்க நினைத்துச் செய்ததற்குக் கிடைத்த பாராட்டு, சுருளிவேலுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இறங்கிற்று.

கடைசிப் பாகம் வருவதற்கு முந்தின நாள் ஜீப்புகளுக்கு நடுவில் உசேனின் குரல் கேட்டது. "நாளைக்குக் கடைசி, நாளைக்குக் கடைசி." லாட்டரி விற்ற அதே ராகம். அன்று சாயங்காலம் மொக்கம்மாள் கணவனிடம் கேட்டாள்.

"நீங்க எடுத்துக் குடுத்த புத்தகம்தான. கடைசில அந்தக் கப்பல் போகுமா, போகாதா?"

சுருளிவேலுக்குத் தெரியாது. ஊரிலேயே பெரிய படிப்பாளி, தான் சிபாரிசு செய்த புத்தகத்தின் முடிவு தெரியாமல் மனைவி முன்னால் நின்றார். "ஒரு நிமிசம் இரு" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

உசேன் கடைசிப் பாகங்களைத் தைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தார். சுருளிவேல் ஒன்றை எடுத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். சாய்ந்தார். முதுகுப் பலகை கொஞ்சம் பின்னுக்குச் சரிந்து, தான் மனசில் வைத்திருந்ததைவிட வசதியாகவே இருந்தது. அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது. பிறகு படித்தார். கடைசிப் பக்கம் வந்தபோது கண் கலங்கிவிட்டது. நாற்பதாவது பக்கத்தில் மூடிவிட்டுப் போன தன்னைத் தானே செருப்பால் அடிக்கலாம்போல் இருந்தது.

"கப்பல் போச்சாண்ணே?" என்றார் உசேன்.

"நீயும் காசு குடுத்து வாங்கிப் படி."

வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார். போகிற வழியிலேயே முடிவு பண்ணிவிட்டார். இன்றைக்குத் தானே அவளுக்கு வாசிக்க வேண்டும். விஜி இல்லை, உசேன் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டதை, இவ்வளவு காலம் கழித்தாவது. மொக்கம்மாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பாகத்தை விரித்தார்.

"கேளு. கடைசிப் பாகம்."

மொக்கம்மாள் கையை உயர்த்தித் தடுத்தாள். "வேணாங்க. வாசிக்காதீக."

"ஏன்?"

"காலைல விஜி வாசிப்பா. எல்லாரும் சேந்து கேக்கிறதாப் பேசி வச்சிருக்கோம். நீங்க இப்பச் சொல்லிட்டா நாளைக்கு நான் தெரியாதவ மாதிரி உக்காந்திருக்கணும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னாள். "போகும்னும் சொல்லாதீக, போகாதுன்னும் சொல்லாதீக."

சுருளிவேல் பாகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெங்காயம் கண்ணைக் கரித்தது என்று அவருக்குச் சொல்ல ஒரு சாக்கு இருந்தது.

மறுநாள் காலை பூத்தைத் திறக்கப் போனவர் திறக்கவில்லை. ஜீப்புப் பக்கமாகப் போய், வேட்டியை இறுக்கிக் கட்டுகிறவர்போல நின்றார். விஜி கடைசிப் பாகத்தை விரித்துவிட்டாள். டீக்கடை ஸ்பீக்கர் அலறியதில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. பெண்களின் முகங்கள் மட்டும் தெரிந்தன. ஒச்சாண்டி ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு கத்தினார்.

"ஒரு ஆளு கொறையுது. பிச்சையம்மாவுக்குக் காய்ச்சலாம். ஒரு ஆளு வந்தா எடுத்துருவேன். என்ன சுருளிவேலண்ணே, மலைக்கு வாரீகளா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். சுருளிவேல் பின்பக்கம் போய் ஏறிவிட்டார்.

மொக்கம்மாள் தூக்குச் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டாள், கண் விஜி மேலேயே இருந்தது. வண்டி நகர்ந்தது. பின்னால் உசேன் கயிற்றில் கிளிப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். யாரைப் பார்க்கிறோம் என்று அவருக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு கையை ஆட்டினார். சுருளிவேல் பதிலுக்கு ஆட்டவில்லை.

விஜி நன்றாக வாசித்தாள். சுருளிவேல் மனசுக்குள் வாசித்ததைவிட நன்றாக வாசித்தாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். திராட்சைப் பந்தல்கள் கழிந்தன, தென்னந்தோப்புகள் கழிந்தன. மாலுமி கயிற்றை அவிழ்க்கப் போகிற இடம் வந்தபோது எல்லாரும் விஜி பக்கமாகச் சாய்ந்துகொண்டார்கள். மொக்கம்மாள் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை இருபது வருஷத்தில் சுருளிவேல் பார்த்ததில்லை.

அடிவாரம் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு பக்கம்தான். அடுத்து என்ன என்பது சுருளிவேலுக்கு வரி வரியாகத் தெரியும், நேற்றே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாயிற்று. அந்த ஜீப்பில் முடிவு தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியையும் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது.